வந்து வந்து மறையும் ஏ.பி.எஸ். கோளாறு: கிருலப்பனைக் கராஜ் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

ஏ.பி.எஸ். (பிரேக்கை மிதிக்கும்போது சில்லுகள் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருக்கும் காரைத் திருத்துவது ஒப்பீட்டளவில் இலகுவான வேலை. கோளாறு கண்முன்னே நிற்கிறது. அளந்தும் பார்க்கலாம், கழற்றியும் பார்க்கலாம். மழை பெய்த அன்று எரிந்து, என்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டதும் மறைந்து, கராஜ் வாசலில் நிறுத்தினால் எதுவுமே நடவாதது போல் அடங்கிக் கிடக்கும் விளக்குதான் ஆளைச் சோதிப்பது. கொழும்பில் இத்தகைய கோளாறோடு போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும்: காரின் கணினியில் பதிவாகியிருந்த கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, ஓடிப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள், அல்லது விலைகூடிய ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லி, அதை மாற்றினால் சரியாகும் என்பார்கள். இந்த இரண்டையும் செய்யாத ஒரு கராஜைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் அது இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். முற்றத்தில் நான்கு கார்களுக்கு மேல் நிறுத்த இடமில்லை என்பதும், இப்போதிருக்கும் வேலையே முடியவில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்கள். விளம்பரத்தை வேண்டாமென்று சொல்லும் கராஜைக் கொழும்பில் காண்பது அரிது என்பதால் அவருடைய விருப்பத்தை மதிக்கிறேன்.

கார், இருபது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு ஜப்பானிய செடான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை சாதாரணச் சம்பளக்காரரை நெருங்கவிடவில்லை. ஆகவே 2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட கார்களை விற்காமல் திருத்தித் திருத்தி ஓடுபவர்கள் நம்மில் பலர். 1978இல் பொஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் கார்களுக்கு வழங்கத் தொடங்கியபோது பணக்காரருக்கு மட்டுமே எட்டிய இந்த ஏ.பி.எஸ். அமைப்பு, 2000களில் நடுத்தரக் குடும்பத்து ஜப்பானியக் கார்களிலும் வந்துவிட்டது. அப்போது பூட்டப்பட்ட கம்பிகளும் சொக்கெட்டுகளும் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர்களுந்தான் இன்று இருபது வருட மழையையும் உப்புக் காற்றையும் வாங்கிக்கொண்டு ஓடுகின்றன. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கமாகக் காரை இரவெல்லாம் வெளியே நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் காரில் இரண்டு அறிகுறிகள் இருந்தன. முதலாவது, மழை நாட்களில் அவ்வப்போது மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு எரிவது. இரண்டாவது, காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து முன்னால் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னே மெதுவாக நிறுத்தும்போது, காய்ந்த தெருவிலேயே, கடைசி இரண்டு மூன்று மீற்றரில் பெடல் காலைத் திருப்பி உதைப்பதும் அடியில் கரகரவென்று சத்தம் வருவதும். இந்த இரண்டாவது எல்லா நேரமும் வருவதில்லை. வரும்போது விளக்கும் எரிவதில்லை. கார் நிற்கத்தான் செய்யும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்காமல் ஒரு முழம் தள்ளி நிற்கும். முன்னால் பஸ் இருக்கும்போது ஒரு முழம் பெரிய தூரம்.

முதலில் போன இடம், ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு பெரிய சேர்விஸ் நிலையம். குறியீட்டைப் பார்த்தார்கள், அழித்தார்கள், கட்டணம் வாங்கினார்கள். அடுத்த மழையில் விளக்கு திரும்பவும் எரிந்தது. இரண்டாவது இடத்தில், பெடல் உதைக்கிறது என்று சொன்னவுடன், பொனட்டைத் திறந்து பிரேக் குழாய்கள் கூடும் அலுமினியக் கட்டியைக் காட்டி, பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மொடியுலேட்டர் போய்விட்டது, பாவித்தது ஒன்றைத் தேடித் தருகிறோம் என்றார்கள். சொல்லப்பட்ட விலை காரின் அந்த வருடக் காப்புறுதித் தொகையை விடக் கூடியது. ஒரு கம்பியைக்கூட அளக்காமல் சொல்லப்பட்ட விலை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற புளூடூத் ஸ்கேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஜப்பானியக் கார்களில் அது பெரும்பாலும் என்ஜின் சார்ந்த குறியீடுகளை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். கணினியோடு பேசாது. திரையில் கோளாறு இல்லை என்று காட்டினால், கோளாறு உண்மையிலேயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பதிலாக, அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் ஸ்டியரிங்கின் கீழுள்ள சொக்கெட்டில் 4ஆம், 13ஆம் துளைகளைச் சிறு கம்பியால் இணைத்து, சாவியைத் திருப்பினால், ஏ.பி.எஸ். விளக்கே மினுங்கி மினுங்கி இரண்டிலக்க எண் ஒன்றைச் சொல்லும்: 31 என்றால் முன் வலது சென்சர் சுற்று, 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. செலவில்லாத வழி. ஆனால் தவறான துளையில் கம்பியைச் செருகினால் பியூஸோ அதைவிடப் பெரியதோ போகும், ஆகவே கைநடுக்கம் உள்ளவர்கள் தவிர்த்துக்கொள்ளலாம்.

கிருலப்பனைக் கராஜில் வேலை தொடங்கிய விதமே வேறாக இருந்தது. அங்கே இந்த வேலையைப் பார்ப்பவர் மலையகத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுபவர். காரைத் தொடுவதற்கு முன் கேள்விகளாகக் கேட்டார். விளக்கு என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரிகிறதா, சூடானபின் எரிகிறதா? மழை பெய்துகொண்டிருக்கும்போதா, தேங்கிய வெள்ளத்தைக் கடந்தபின்பா? திரும்பும்போதா, நேராகப் போகும்போதா? பெடல் உதைப்பது எந்த வேகத்தில்? அதற்கு முன் பெயாரிங்கோ சில்லைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டோ மாற்றியதுண்டா? பதில்களை ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு நான்கு டயர்களின் அளவையும் தேய்வையும் பார்த்தார். ஒரு சில்லில் மட்டும் வேறு அளவு டயர் இருந்தால் அதன் சுற்று வேகம் மற்றவற்றிலிருந்து மாறும். கணினிக்கு அதுவே குழப்பம். பெற்றரியின் வோல்ட் அளவையும் பார்த்தார், ஏனென்றால் இளைத்த பெற்றரியும் இந்த விளக்கை எரியவைக்கும். இவ்வளவும் பத்து நிமிட வேலைதான். முன்பு போன இரண்டு இடங்களிலும் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

பிறகு மடிக்கணினியோடு பக்கத்து இருக்கையில் ஏறினார். நான் சாவியை நீட்டினேன். "வேணாம் சேர், நீங்களே ஓட்டுங்க. நான் மிதிச்சா இது வராது, உங்க கால் பழக்கத்துக்குத்தான் வரும்" என்றார். இது நுட்பமான கவனிப்பு. ஒவ்வொருவரும் பிரேக்கை அழுத்தும் விதம் வேறு. மெதுவாக அழுத்தி மெதுவாக விடுபவருக்கு வரும் கோளாறு, அழுத்தி மிதிப்பவருக்கு வராமலே போகலாம். பேஸ்லைன் வீதிப் பக்கம் போய், நெரிசலில் ஊர்ந்து, திரும்பி வரும்வரை நான்கு சில்லுகளின் வேகமும் நான்கு கோடுகளாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. பெடல் உதைத்தபோது அவர் திரையை எனக்குக் காட்டினார். மூன்று கோடுகள் ஒன்றாகச் சரிந்து கீழே வர, முன் இடதுக்குரிய கோடு மட்டும் அவற்றுக்கு முன்பே செங்குத்தாக விழுந்து பூச்சியத்தைத் தொட்டிருந்தது.

இதன் காரணம் சென்சரின் இயல்பிலேயே இருக்கிறது. அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும் மட்டும் கொண்ட எளிய வகை. சில்லோடு சேர்ந்து சுற்றும் பல்வளையத்தின் பற்கள் அதன் முனையைக் கடக்கும்போது சுருளில் மாறுமின்னோட்ட அழுத்தம் பிறக்கிறது. வேகம் கூடக் கூட அது வலுக்கிறது, குறையக் குறைய மெலிகிறது. முனைக்கும் பல்லுக்கும் இடையே உள்ள வெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். அது சற்றே கூடினாலும் சமிக்ஞை கடுமையாகப் பலவீனப்படும். வேகமாக ஓடும்போது இந்தப் பலவீனம் தெரியாது. நிற்கப்போகும் நேரத்தில், மற்ற மூன்று சென்சர்களும் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கையில், இது மட்டும் கணினியின் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. மூன்று சில்லுகள் உருள, ஒன்று நின்றுவிட்டதென்றால், அது பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்றே கணினி முடிவெடுக்கும். எடுத்தவுடன் அந்தச் சில்லின் பிரேக் அழுத்தத்தை விடுவிக்கும், மறுபடி ஏற்றும், மறுபடி விடும். காலில் நாம் உணரும் உதைப்பும் கரகரப்பும் அதுதான். அமைப்பு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதற்குக் கிடைத்த செய்திதான் பொய். அதனால்தான் விளக்கு எரிவதில்லை, குறியீடும் பதிவாவதில்லை. மொடியுலேட்டரை மாற்றியிருந்தால் புதிய மொடியுலேட்டரும் அதே பொய்யை நம்பி அதே போல் உதைத்திருக்கும்.

நல்ல நிலையிலுள்ள பழைய வகைச் சென்சரும் நடைவேகத்துக்குக் கீழே பூச்சியத்தைத்தான் காட்டும். ஆகவே ஒரு சில்லைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது, நான்கையும் ஒப்பிட வேண்டும். பழைய கார்களின் கணினி ஸ்கேனருக்குத் தகவல் அனுப்புவதும் மெதுவாகத்தான். கணநேரத்தில் அறுந்து கூடும் சமிக்ஞை திரையில் தெரியாமலே போய்விடலாம். அதற்காகக் கராஜுக்குத் திரும்பியபின், காரை உயர்த்தி, சென்சர் கம்பிகளில், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் சிறிய ஒஸிலோஸ்கோப் ஒன்றை மாட்டி, சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். முன் வலதில் ஒழுங்கான அலை. முன் இடதில் அதே வேகத்தில் அதைவிடச் சரிபாதிக்கும் குறைவான உயரம். பல்வளையத்தில் வெடிப்பு இருந்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை அலை கலைந்திருக்கும். அப்படிக் கலையாததால் வளையம் நல்லது என்று விட்டுவிட்டார்கள்.

கழற்றியபோது காரணம் வெளிவந்தது. சென்சர் அமரும் இடத்தில் துரு பொருமி, சென்சரையே வெளியே தள்ளியிருந்தது. காந்த முனையில் பிரேக் தூளும் இரும்புத் துகளும் அப்பிக்கிடந்தன. அமரும் பரப்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, முனையைத் துணியால் துடைத்து, துரு திரும்பப் பிடிக்காமல் மெல்லிய பூச்சுக் கொடுத்து, அதே சென்சரைப் பூட்டினார்கள். சென்சர் கழன்று வராமல் முறிந்தால் புதியதொன்றின் விலையை நான்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். இருபது வருடச் சென்சர்கள் துருவில் இறுகி, கழற்றும்போது தலையோடு முறிவது வழக்கம். மூன்று மணிநேரம் அவசரப்படாமல், துருநீக்கித் தைலம் விட்டு விட்டுக் கழற்றியதால் முறியவில்லை.

மழை விளக்கின் கதை வேறு. பதிவாகியிருந்த குறியீடு பின் இடது சென்சர் சுற்றைக் காட்டியது. அதாவது, குறியீட்டை நம்பிப் பின் இடதுச் சென்சரை மாற்றியிருந்தால் பெடல் உதைப்பது நின்றிருக்காது. பெடல் உதைப்பை மட்டும் திருத்தியிருந்தால் மழை விளக்கு அணைந்திருக்காது. ஒரே காரில், ஒரே அமைப்பில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். இந்தக் கராஜுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு, இவற்றைப் பிரித்துப் பார்த்ததற்கே.

குறியீடு என்பது ஒரு பாகத்தின் பெயரன்று, ஒரு சுற்றின் பெயர். சென்சர், அதன் கம்பி, வழியிலுள்ள சொக்கெட், கணினியின் உள்வாயில் எல்லாம் அந்தச் சுற்றுக்குள் அடங்கும். பின் இடதுச் சென்சரின் மின்தடையை அளந்தபோது அது சரியாகவே இருந்தது; இவ்வகைச் சென்சர்களில் அது பெரும்பாலும் ஆயிரம் ஓம்முக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம்முக்கும் இடையே இருக்கும், காருக்குக் கார் மாறும். பல இடங்களில் பரிசோதனை இத்துடன் முடிந்துவிடும். இங்கே மல்டிமீற்றரை மாட்டியபடியே கம்பியை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக வளைத்து வளைத்துப் பார்த்தார்கள். உடலிலிருந்து அச்சுக்கு இறங்கும் இடத்தில், ஒவ்வொரு குழியிலும் கார் குலுங்கும்போது வளையும் அந்த ஒரு சாணில், எண் துள்ளிக் காணாமற் போனது. உப்பு கலந்த நீரைத் தெளிப்புக் குப்பியில் எடுத்து அதே இடத்தில் தெளித்தபோது விளக்கு எரிந்தது. மழையை வரவழைக்க முடியாத நாளில் மழையைச் செய்து பார்க்கும் முறை இது. சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்தால், எப்போதோ யாரோ முறுக்கி ஒட்டிய ஒரு பழைய இணைப்பு. செம்பு பச்சை பிடித்து, மூன்று நான்கு இழைகளில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புதிய கம்பியை ஈயம் வைத்து ஒட்டி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடினார்கள். இரண்டு கம்பிகளையும் முன்போலவே ஒன்றையொன்று முறுக்கி விட்டதையும் கவனித்தேன்; வெளி மின்காந்த இரைச்சல் சமிக்ஞையில் ஏறாமலிருக்க அந்த முறுக்கு வேண்டும்.

செலவைச் சொல்வதானால், பரிசோதனையும் கூலியும் பிரேக் ஒயில் மாற்றியதும் சேர்த்து, மொடியுலேட்டருக்குச் சொல்லப்பட்ட விலையில் பத்திலொரு பங்கும் ஆகவில்லை. பிரேக் ஒயில் மாற்றத்தை அவர்கள் வற்புறுத்தியது நியாயமே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; கொழும்பின் ஈரக் காற்றில் வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால், மொடியுலேட்டருக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளை அரித்து, இன்று இல்லாத கோளாறை நாளை உண்டாக்கும். இதன்பின் வந்த மழைகளில் விளக்கு எரியவில்லை, பெடலும் உதைக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. செய்த வேலைக்கு எழுத்தில் அறிக்கை தருவதில்லை, பற்றுச்சீட்டில் 'ஏ.பி.எஸ். வேலை' என்று ஒரே வரிதான். அந்தப் பயிற்சிக் கொப்பியில் இருந்த அத்தனை அளவுகளையும் நான் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அட்டை ஏற்பதில்லை, பணம் மட்டுமே. காத்திருக்க இருப்பது கம்பிரெஸருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கம்பிரெஸர் இயங்கத் தொடங்கினால் தொலைபேசியில் பேசவும் முடியாது. தொலைபேசியை அவர்களும் எடுப்பதில்லை. நேரில் போய் நாள் வாங்க வேண்டும், வாங்கிய நாளும் ஒருமுறை தள்ளிப்போனது. திருத்தத்துக்கு இவ்வளவு காலம் பொறுப்பு என்று உத்தரவாதம் எதுவும் இல்லை; வந்தால் பார்ப்போம் என்பதே வாக்கு. இவற்றில் அறிக்கை இல்லாததுதான் உண்மையில் உறுத்துகிறது, ஏனென்றால் இந்தக் காரை நாளை வேறொருவர் திருத்த நேர்ந்தால் இந்த வேலை முழுவதையும் அவர் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

அங்கே காத்திருந்தபோது கண்ட இன்னொரு கார், பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். புதிதாக வாங்கிய பழைய கார் அது. விளக்கே எரிவதில்லை என்பதால் உரிமையாளர் நிம்மதியாக இருந்தார். டாஷ்போர்டைத் திறந்து பார்த்தால் ஏ.பி.எஸ். விளக்கின் பல்ப் கழற்றப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விற்பவரிடம் காரணம் கேட்க வேண்டும். வருடந்தோறும் செய்யும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே அளப்பதால், இப்படி மறைக்கப்பட்டது அங்கேயும் வெளிப்படாது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏ.பி.எஸ். உதவி மட்டும் இருக்காது. மெதுவாக ஓட்டிக் கராஜுக்குப் போகலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக் கூடாது. பிரேக் ஒயில் இறங்கியிருக்கலாம், அல்லது பின் சில்லுகளுக்குப் போகும் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் அழுத்தி மிதித்தால் பின் சில்லுகள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலக்கூடும்.

பாகம் கட்டாயம் மாற்ற வேண்டிவந்தால் இந்தக் கராஜ் தானே வாங்கித் தருவதில்லை. எதை வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு அனுப்பிவிடுகிறது. அலைச்சல்தான், ஆனால் பாகத்தின் விலையில் அவர்களுக்குப் பங்கில்லை என்பது தெளிவாகிறது. டிரைவ் ஷாஃப்ட் வாங்க அனுப்பப்பட்டவரின் தாளில், பல்வளையத்தின் பற்களை எண்ணிப் பார்த்து வாங்கும்படி எழுதியிருந்தார்கள். ஏ.பி.எஸ். இல்லாத ரகங்களுக்குரிய ஷாஃப்டில் வளையமே இருக்காது, வேறு ரகத்துக்குரியதில் பற்களின் எண்ணிக்கை மாறலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

எல்லாக் காருக்கும் இவர்களிடம் போகச் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்கும் புதிய வகைச் சென்சர்களை ஓம் அளவில் சோதிக்க முடியாது; அதற்குரிய கருவிகள் இவர்களிடம் குறைவு. ஐரோப்பியக் கார்களில், மொடியுலேட்டரை மாற்றியபின் அந்தக் காருக்கென்று கணினியில் பதிவுசெய்ய வேண்டிய வேலையை ஏற்பதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். 2010க்கு முந்திய ஜப்பானியக் கார், வந்து மறையும் விளக்கு, காய்ந்த தெருவில் உதைக்கும் பெடல் என்றால் தயங்காமல் போகலாம். சனிக்கிழமையைத் தவிருங்கள், அன்று முற்றம் நிறைந்திருக்கும், ஒழுங்கையில் நிறுத்தினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.